ஹெமோனியின் மணிகளைக் கேட்டவர்

"அந்த வித்தை அவரோடு போய்விட்டது." இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சீவாளி கட்டுவதில் பெயர் பெற்ற ஒருவர், சிலை வார்த்த ஸ்தபதி ஒருவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட வைத்தியர் ஒருவர், யார் காலமானாலும் இரங்கல் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்கிறவரின் குரலில் துக்கம் இருக்கும், கூடவே கொஞ்சம் பெருமிதமும் இருக்கும். யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் போனது ஏதோ அந்த மனிதர் அணிந்துகொண்டு போன பொன்னாடை என்பதுபோல. அவர் உயிரோடு இருந்த காலத்தில், "இது எப்படி வருகிறது?" என்றோ, இன்னும் முக்கியமாக, "இந்த இடத்தில் சரியாக வரவில்லையே" என்றோ அவரிடம் போய்ச் சொன்னவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

இந்த எரிச்சல் பழையது. அதற்கு ஓர் உருவம் கிடைத்தது உட்ரெக்டில், என் சித்தப்பா வந்திருந்தபோது. நெதர்லாந்தின் ஊர்களில் வேலை நிமித்தம் வசிக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் கேரிலான் என்பது பஸ் ஓசையைப் போலப் பழகிப்போன ஒன்று. கோபுரத்தின் உச்சியில் வரிசையாகத் தொங்கும் மணிகள். கீழே ஒரு சிறு அறையில் உட்கார்ந்து, மரக்கட்டைகளால் ஆன விசைப்பலகையை மூடிய கைமுட்டியால் அடித்து வாசிப்பார்கள். கட்டையிலிருந்து போகும் கம்பி மணியின் நாக்கை இழுக்கும். சனிக்கிழமை முற்பகலில் உட்ரெக்டின் பழைய தேவாலயக் கோபுரமான டோம் கோபுரத்திலிருந்து கச்சேரி. கோபுரத்தை ஒட்டி ஃப்ளோராஸ் ஹாஃப் என்ற சிறு தோட்டம் இருக்கிறது. கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே ஒரு பெஞ்சில் சித்தப்பாவை உட்கார வைத்தேன்.

அவர் வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாத, ஆனால் ஐம்பது ஆண்டுகளாக முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டே பழகிய ரசிகர். வாசிக்கப்பட்டது ஏதோ உற்சாகமான நடனப் பாட்டு. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு சிரிக்கிறது அம்மா, ஆனால் மணி அழுகிறதே. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாதாரண காந்தாரம் உட்கார்ந்திருக்கிறது, கேட்கிறதா?" சாதாரண காந்தாரம் என்பது ஸ, ரி, க என்று ஏறும் வரிசையில் க-வின் தாழ்ந்த, சோகச் சாயல் உள்ள வகை. எனக்கு அதுவரை கேட்டதில்லை. அவர் சொன்ன பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த மணிகளை 1660களில் வார்த்தவர் பிரான்சுவா ஹெமோனி என்றும், அவரும் தம்பி பியேட்டரும் சேர்ந்துதான் மணிகளுக்குத் துல்லியமாகச் சுருதி சேர்த்தார்கள் என்றும், 1680இல் தம்பியும் இறந்த பிறகு அந்த வித்தை மங்கிப்போய், மறுபடி முழுமையாகக் கைக்கு வர இருநூறு ஆண்டுகள் ஆயின என்றும் சுருக்கமாகச் சொன்னேன். சித்தப்பா திருப்தியோடு தலையாட்டினார். "பெரிய ஆட்கள். சொல்லாமலே கொண்டுபோய்விட்டார்கள் பார்." அதே பொன்னாடை! அவரிடம் அப்போது வாதாடவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஹெமோனிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க வைத்தது அதுதான்.

மணிக்குள் இருக்கும் ஐந்து சுரங்கள்

சித்தப்பாவின் காதுக்கு எட்டியது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மணியை அடித்தால் ஒரு சுரம் மட்டும் பிறப்பதில்லை. நன்றாகச் சுருதி சேர்த்த மணியில் கீழ் ஸ்தாயி ஸட்ஜம், மத்திய ஸட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் ஆகிய ஐந்தும் ஒன்றாக எழும். அதற்கு மேலும் பல உண்டு, ஆனால் காதைப் பிடித்து நிறுத்துபவை இவைதாம். தம்புராவின் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரம் தானாக எழும் என்பது நமக்குத் தெரியும். மணியில் எழுவது அதற்கு ஒரு படி கீழே உள்ள காந்தாரம். அதனால்தான் எவ்வளவு குதூகலமான பாட்டை வாசித்தாலும் கேரிலானின் அடியில் ஒரு சோகம் ஓடுகிறது.

தந்திக்கும் மணிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தந்தியின் சுரங்களை இயற்கையே ஒழுங்குபடுத்தித் தந்துவிடுகிறது. மணி அப்படி இல்லை. அதன் சுவர் எந்த உயரத்தில் எவ்வளவு தடிமன், தோள் எப்படி வளைகிறது, விளிம்பு எவ்வளவு விரிகிறது என்பதைப் பொறுத்து ஐந்து சுரங்களும் ஆளுக்கொரு திசையில் நகரும். கீழ் ஸட்ஜம் இருக்க வேண்டிய இடத்தில் ரிஷபத்தை ஒட்டி ஏதோ முனகும். ஒற்றை மணிக்கு அது பொருட்டே இல்லை. ஊரைக் கூப்பிட, சாவை அறிவிக்க, தீப்பிடித்தால் எச்சரிக்க அது போதும். சொல்லப்போனால் அந்த முரண்தான் அந்த ஊர் மணிக்கு ஒரு குரலைத் தருகிறது. ஆனால் முப்பது மணிகளை வைத்துச் சேர்ந்தாற்போல் வாசிக்க ஆரம்பித்தால், முப்பது பேரும் தங்கள் குடும்பச் சண்டையைக் கூடவே கொண்டுவருவார்கள்.

ஹெமோனிகளுக்கு முன்னால் நல்ல மணிகளே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதே டோம் கோபுரத்தில் 1505இல் கீர்ட் ஃபான் வௌ வார்த்த மணிகள் இருக்கின்றன. அவற்றில் பெரியதான சால்வடோரின் எடை எட்டு டன்னுக்கு மேல். அது ஒலிக்கும்போது வயிற்றில் உணரலாம். ஃபான் வௌவின் கைக்கு அச்சின் வடிவம் வசப்பட்டிருந்தது. வார்த்து எடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் கேரிலானுக்குப் பெரும்பாலும் என்பது போதாது. ஒவ்வொரு மணியும் சரியாக வந்தாக வேண்டும்.

உட்ரெக்டின் பார்வையற்ற மனிதர்

யாகோப் ஃபான் ஐக் பிறவியிலேயே பார்வையற்றவர், பிரபுக் குடும்பத்தவர். 1625இல் டோம் கோபுரத்தின் கேரிலான் வாசிப்பவராக நியமிக்கப்பட்டார். சில ஆண்டுகளில் நகரத்தின் எல்லா மணிகளையும் மேற்பார்வையிடும் பொறுப்பும் வந்தது. புல்லாங்குழலிலும் மேதை. ஊதுகுழலை நேராகப் பிடித்து வாசிக்கும் ரெக்கார்டருக்காக அவர் வெளியிட்ட தொகுப்பு இன்றும் மாணவர்களின் பாடப்புத்தகம். 1649இல் யான்ஸ்கெர்க் தேவாலயம் அவருடைய ஊதியத்தை 80 கில்டரிலிருந்து 100 ஆக உயர்த்தியது, ஒரு நிபந்தனையோடு: மாலையில் தேவாலய முற்றத்தில் உலாவுகிறவர்களுக்கு அவர் அவ்வப்போது குழல் வாசித்துக் காட்ட வேண்டும். எந்த நிர்வாகமும் ஊதிய உயர்வுக்கு இதைவிட அழகான காரணம் எழுதியிருக்காது.

இவரைப் பற்றித் தத்துவஞானி டெகார்த் 1638இல் தன் நண்பர் மெர்சென்னுக்கு ஒரு கடிதத்தில் எழுதுகிறார். உட்ரெக்டில் பார்வையற்ற ஒருவர் இருக்கிறார். பெரிய மணிகளின் விளிம்பருகே வாயைக் கொண்டுபோய், தொடாமலே, தன் குரலொலியால் ஒவ்வொரு மணியிலிருந்தும் ஐந்தாறு வேறு வேறு சுரங்களை எழுப்புகிறார் என்று வியக்கிறார். விஷயம் மாயம் இல்லை. மணிக்குள் உறங்கும் ஒரு சுரத்தை மிகச் சரியாக அதே சுருதியில் ஒலித்தால், அந்தச் சுரம் மட்டும் விழித்துக்கொண்டு பதில் சொல்லும். ஒரு நூல் நகர்ந்தாலும் பதில் வராது. ஆகவே எந்தச் சுரத்துக்குப் பதில் வருகிறது என்பதை வைத்து, மணியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த மனிதரால் பட்டியல் போட முடிந்தது. கலவைச் சத்தமாக எல்லோருக்கும் கேட்டதை அவர் தனித்தனி இழையாகப் பிரித்துவிட்டார். அதன் பிறகுதான், "இந்த மணி நன்றாக இல்லை" என்ற பொத்தாம்பொதுவான குறையை, "இதன் கீழ் ஸட்ஜம் அரைச் சுரம் ஏறியிருக்கிறது, பஞ்சமம் இறங்கியிருக்கிறது" என்று சொல்ல வழி பிறந்தது. தொழிலாளியின் காதில் போட்டால் அவன் கையால் ஏதாவது செய்யக்கூடிய குறை அது.

கை எங்கே இருந்தது? பிரான்சுவாவும் பியேட்டரும் லொரேன் பகுதியின் லெவேகூர் என்ற ஊரில் பிறந்தவர்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பத்து வயது வித்தியாசம். அந்தப் பகுதி மணி வார்ப்பவர்கள் நாடோடிகள். ஊர் ஊராகப் போய், தேவாலயத்தின் அருகிலேயே குழி வெட்டி, களிமண்ணில் அச்சுக் கட்டி, அங்கேயே உலை மூட்டி மணி வார்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வார்கள். முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த காலம். சகோதரர்கள் வடக்கே வந்து, 1640களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் கிழக்கே சுட்ஃபென் நகரில் தங்கினார்கள். அந்த நகரம் தன் வைன்ஹவுஸ் கோபுரத்துக்கு ஒரு கேரிலான் செய்யச் சொன்னது. ஃபான் ஐக் ஆலோசகராக வந்தார். 1644இல் அந்த வேலை முடிந்தது. சரியாகச் சுருதி சேர்ந்த முதல் கேரிலான் என்று வரலாறு குறித்துவைத்திருப்பது அதைத்தான்.

எனக்கு எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. செய்முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நாலு பங்கு தாமிரத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற கணக்கை ஒட்டிய வெண்கலம். உள்ளச்சு, அதன்மேல் வெளியச்சு, இடையே மணியின் வடிவில் ஓர் இடைவெளி. குழியில் புதைத்து, மண்ணை இறுக மிதித்து, உருகிய உலோகத்தை ஊற்றி, ஆற விட்டு, தோண்டி எடுத்து, அச்சை உடைத்துப் பார்த்தால் மணி. எந்த வார்ப்பவருக்கும் வேலை முடிந்த தருணம் அது. வெடிப்பில்லை, காற்றுக்குமிழி இல்லை, எழுத்துகள் கூர்மையாக விழுந்திருக்கின்றன. ஊரே வந்து பார்த்து ஆசீர்வதிக்கும். ஹெமோனிகள் செய்தது என்ன? வேண்டுமென்றே சுவரைக் கொஞ்சம் தடிமனாக வார்த்தார்கள். பிறகு மணியைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, உட்சுவரிலிருந்து உலோகத்தைச் சீவினார்கள். சுவர் மெலிந்தால் சுருதி இறங்கும். எந்த உயரத்தில் சீவுகிறோம் என்பதைப் பொறுத்து, ஐந்து சுரங்களில் எது அதிகம் இறங்கும் என்பது மாறும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று நகரும். கொஞ்சம் சீவு, அடித்துக் கேள், இன்னும் கொஞ்சம் சீவு. அதிகமாகச் சீவிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வழியே இல்லை. மணியை உடைத்து உருக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முழுசாக, அழகாக வெளிவந்த தன் படைப்பை, "உள்ளே சரியில்லை" என்று ஒருவர் சொன்னதற்காகச் சீவத் துணிகிற மனசு எத்தனை தொழிலாளிகளுக்கு உண்டு? அதுவும் சொன்னவர் உலைப் பக்கம் நின்று பழகியவர் இல்லை. வாழ்நாளில் ஒரு மணிகூட வார்த்ததில்லை. "உனக்கு வாசிக்கத் தெரியும், எனக்கு வார்க்கத் தெரியும், அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம்" என்று சகோதரர்கள் சொல்லியிருந்தால் அந்தக் காலத்து எந்த வார்ப்பவரும் அதைத் தப்பென்று நினைத்திருக்க மாட்டார்கள். ஹெமோனிகளின் மேதைமை இங்கே இருக்கிறது என்பது என் கட்சி. உலோகக் கலவையிலோ அச்சின் வளைவிலோ தேடினால் அது கிடைக்காது. அவற்றில் அவர்களுக்கு நிகரானவர்கள் இருந்தார்கள்.

பிறகு வந்த புகழ்

இதற்குப் பிறகு நடந்தது வெற்றிக் கதை, வேகமாகவே சொல்லிவிடலாம். ஆம்ஸ்டர்டாம் நகரம் பிரான்சுவாவை அழைத்து, பட்டறைக்கு இடம் கொடுத்தது. 1657இல் அங்கே போய்விட்டார். பியேட்டர் சில ஆண்டுகள் கெண்ட் நகரில் இருந்தார். அங்கே ரோலண்ட் என்ற பழைய மணியை உருக்கி, அந்த உலோகத்தில் ஒரு கேரிலானை உருவாக்கினார். 1660இல் அதற்கு வார்த்த மிகப் பெரிய மணி 1914இல் வெடித்து, இப்போது நகர மையத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறது. 1664இல் தம்பி அண்ணனோடு சேர்ந்துகொண்டார். 1667இல் அண்ணன் இறந்தார். தம்பி மேலும் 13 ஆண்டுகள் உழைத்தார். இருவருமாக ஏறத்தாழ ஐம்பது கேரிலான்கள். ஆம்ஸ்டர்டாமில் மட்டுமே இன்றும் பல கோபுரங்களில் அவை ஒலிக்கின்றன. சுட்ஃபெனில் இருந்த முதல் கேரிலான் மட்டும் இல்லை. 1920இல் கோபுரம் தீப்பிடித்ததில் அழிந்தது.

உட்ரெக்ட் டோம் கோபுரத்துக்கு 35 மணிகளை பிரான்சுவா வார்த்தது 1663-64இல். ஃபான் ஐக் 1657இலேயே இறந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஏறி இறங்கிய கோபுரத்தில், அவர் கேட்டுக் கேட்டுப் பிரித்த சுரங்கள் ஒழுங்காக அமைந்த மணிகள் தொங்கவிடப்பட்டபோது அவர் இல்லை. ஹெமோனி மணிகளில் பொதுவாக, மணியே பேசுவதுபோல, "ஹெமோனி என்னைச் செய்தான்" என்று லத்தீனில் பொறித்திருக்கும். அதைச் செய்யத் தூண்டிய காதுக்கு எந்த மணியில் இடம் கொடுப்பது?

இப்போது சித்தப்பாவின் பொன்னாடைக்கு வருகிறேன். அவர்கள் சொல்லாமல் போனார்களா? நல்ல மணிக்குள் என்னென்ன சுரங்கள் இருக்க வேண்டும் என்பதை ஹெமோனிகள் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதங்களிலேயே சொல்லியிருக்கிறார்கள். பட்டறையில் உறவினர்களும் பழகியவர்களும் இருந்தார்கள், 1680க்குப் பிறகும் வார்த்தார்கள், அவற்றில் கேட்கக்கூடிய மணிகளும் உண்டு. திடீரென்று ஒரு கதவு சாத்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மெல்ல மெல்ல, "பரவாயில்லை" என்பது போதும் என்றாகிவிட்டது. கோபுரத்துக்கு மணி கேட்ட நகரசபைகள் எடையைப் பார்த்தன, விலையைப் பார்த்தன. சீவச் சொல்லி நச்சரிக்க ஒரு ஃபான் ஐக் இல்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதுவே என் வாதத்துக்கு நல்ல சாட்சி. 18ஆம் நூற்றாண்டில் லூவன் நகரில் அந்திரேயஸ் யோசெஃப் ஃபான் டென் கெய்ன் என்பவர் சிறிய மணிகளை அற்புதமாகச் சுருதி சேர்த்தார். அவருடைய அண்ணன் மத்தியாஸ் அதே நகரத்தின் கேரிலான் வாசிப்பவர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வாசிப்பாளர்களில் ஒருவர். வார்ப்பவரின் வீட்டிலேயே குறை சொல்லும் காது ஒன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. 1793இல் தம்பி இறந்தார். அதையொட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வந்தன, மணிகள் பீரங்கிகளாகவும் நாணயங்களாகவும் உருகின. கேட்பதற்கே ஆளில்லாமல் போனது.

மீட்சி வந்த வழியையும் பாருங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஃபிட்டில்வொர்த் என்ற சிற்றூரின் பாதிரியார் ஆர்தர் சிம்ப்ஸன். மணி வார்ப்பவர் இல்லை. ஊர் ஊராகத் தேவாலய மணிகளைக் கேட்டு, அவற்றுக்குள் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பதைக் கண்டு, 1895-96இல் ஒரு மாத இதழில் கட்டுரைகள் எழுதினார்: உங்கள் மணிகள் உள்ளுக்குள் சுருதி கலைந்திருக்கின்றன, ஐந்து சுரங்களையும் தனித்தனியே சரிசெய்ய முடியும் என்று. நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு கிராமத்துப் பாதிரியார் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? லஃப்பரோவில் இருந்த டெய்லர் குடும்பத்துப் பட்டறை அதைக் காதில் வாங்கிக்கொண்டது. கடைசல் எந்திரத்தில் மணியை ஏற்றி, ஐந்து சுரங்களையும் சேர்த்தது. இருநூறு ஆண்டுகளாகத் தூங்கிய வித்தை மீண்டது. ரகசியச் சுவடி எதுவும் எங்கும் கண்டெடுக்கப்படவில்லை. தாமிரமும் வெள்ளீயமும் கடைசலும் எப்போதும் போலவே இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் ஐரோப்பா முழுவதும் பறித்த மணிகள் சுமார் 1,75,000 என்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி உலைக்குப் போனது. மணிகளை வயதையும் மதிப்பையும் வைத்துத் தரம் பிரித்து, மிக அரியவற்றை விட்டுவைக்கும் ஏற்பாடும் இருந்தது. ஹெமோனி கேரிலான்கள் பல அப்படித் தப்பின. ஹிட்லரின் காலத்தில் அவர்களுடைய பெயர் காப்பாற்றியது என்றால், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான்.

சித்தப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அவர்கள் பெரிய ஆட்கள் இல்லை என்கிறாயா?" என்றார். அவருக்கு நான் பதிலாகச் சொன்னது பியேட்டரின் ஒரு சிறு நூலைப் பற்றி. இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1678இல், அவர் அச்சிட்டது. கேரிலானின் அடித்தளத்தில் இரண்டு அரைச் சுரங்களுக்கான மணிகள் தேவையே இல்லை என்பது அதன் வாதம். நம் கணக்கில், மிகத் தாழ்ந்த ஸட்ஜத்தை அடுத்து வரும் சுத்த ரிஷபமும் சாதாரண காந்தாரமும். மிகத் தாழ்ந்த சுரம் என்றால் மிகப் பெரிய மணி, டன் கணக்கில் உலோகம், எடைக்கு ஏற்ற கூலி. அதை வாங்காதே என்று விற்பவரே வாடிக்கையாளருக்குப் புத்தகம் போட்டுச் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது, ஐரோப்பாவிலேயே அவருக்கு நிகரான வார்ப்பவர் கிடையாது. "நான் ஹெமோனி, நான் சொல்கிறேன்" என்றால் போதும். அவரோ ஆர்கன் வாசிப்பவர்களிடமும் கேரிலான் வாசிப்பவர்களிடமும் கருத்துக் கேட்டு வாங்கி, அவற்றை வரிசையாக அச்சிட்டு, அந்த ஆதாரங்களின் மேல் தன் வாதத்தை நிறுத்துகிறார்.

"வாதத்தில் ஜெயித்தாரா?" என்றார் சித்தப்பா.

பாதி ஜெயித்தார் என்றேன். பல கேரிலான்களில் அந்தத் தாழ்ந்த ரிஷபம் இன்றும் கிடையாது.